தண்ணீர் போக இரண்டு துளைகள்

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேரும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் தங்கள் காரில் பக்கத்து சீட்டின் காலடியில் கிடக்கிற விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். நீங்களும் பார்ப்பீர்கள்.

நடுராத்திரி, பாழடைந்த பங்களா, நாய் ஊளை... இதெல்லாம் வேண்டுமென்றால் வேறு கதை பாருங்கள். இதில் எல்லாமே பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற தெருவில் நடந்தது. ஓடிப்போய் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்கிற ஆறுதல்கூட இதில் கிடையாது.

அவரை எல்லோரும் நிபுணர் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லும்போது அது பட்டம். முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது வேறு. ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் பாதுகாப்பு மேலாளர். மாடிப்படியில் இறங்குவது எப்படி என்று படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கியவர்களுக்கு மெமோ கொடுப்பார். கம்பெனி காரில் போனால் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். வழியெல்லாம் பாடம். "இண்டிகேட்டர் போடுங்க... கண்ணாடியப் பாருங்க... பிரேக், பிரேக்!" வாயால் சொல்வதோடு விடாமல், இல்லாத பிரேக்கைத் தன் காலாலும் ஓங்கி மிதிப்பார். அந்தக் காருக்கு டிரைவர்கள் நிலைத்ததே இல்லை.

ஒரே ஒரு குறை. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

லைசென்ஸ் இருந்தது. வாலிபத்தில் வாங்கியது. பெரியப்பாவுக்கு வேண்டிய அதிகாரி ஒருவர், மைதானத்தில் ஒரு மரத்தைச் சுற்றி வரச் சொன்னார். வந்தார். கை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் வகுப்பு படிக்கிற மகளுக்கே தெரியும்.

கார் வாங்கியே தீர வேண்டிய நிலை. மாமனார் இடுப்பெலும்பு முறிந்து இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். வாரா வாரம் அவரை பிசியோதெரபி மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். வீல் சேரைக் கண்டதும் வாடகைக் கார்கள் வேகம் பிடித்தன. மகளுக்கும் பள்ளிக்கூடம் தூரம். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டியாக இருக்க வேண்டும், வீல் சேரை மடக்கி உள்ளே தள்ள இடம் வேண்டும், பழசானாலும் பரவாயில்லை என்று முடிவாயிற்று.

"ஏங்க, நானே ஓட்டிடுவேனே" என்றார் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் சலவைக்கடை வேனை ஊர் முழுக்க ஓட்டியவர்.

"வேன் ஓட்டுறது வேற, கார் ஓட்டுறது வேற."

"ஆமாம்மா" என்றார் மாமனார். "வேன் ஓட்டணும்னா ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்."

பழைய கார் விற்கிறவரிடம் நிபுணர், தகரத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் காந்தமும், டார்ச்சுமாகப் போய் இறங்கினார். நீல நிற ஹேட்ச்பேக் ஒன்றை வியாபாரி காட்டினார். அதோடு அவர் வேலை முடிந்தது. மீதியை நிபுணரே பார்த்துக்கொண்டார்.

கூரையின் நடுவில் நீளமாக ஒரு பட்டை மட்டும் வெயில் படாத புது நீலத்தில் இருந்தது. "மேல பெட்டி கட்டியிருக்காங்க. குடும்பஸ்தன் வண்டி."

"அப்படித்தான் சார்" என்றார் வியாபாரி.

முன்கண்ணாடியில், பக்கத்து சீட்டுக்கு நேரே, எதையோ ஒட்டி எடுத்த வட்டத் தடம். "வீட்டம்மா தலை சீவிக்க இங்க ஒரு கண்ணாடி மாட்டியிருக்காங்க."

"கரெக்ட் சார்."

பக்கத்து சீட்டின் காலடியில் விரிப்பைத் தூக்கினார். தரையில் இரண்டு துளைகள். அருகருகே. ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தது. வியாபாரியின் முகம் இப்போது லேசாக மாறியது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

நிபுணர் முந்திக்கொண்டார். "தண்ணி போறதுக்கு. மழைத்தண்ணி உள்ள வந்தா வடியணும்ல? இந்த மாடல்ல மட்டும்தான் இது உண்டு."

வியாபாரி திறந்த வாயை மூடினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

"அப்ப பின்சீட்ல தண்ணி வராதா?" என்று கேட்டார் மனைவி. நிபுணர் விரிப்பைப் பழையபடி போட்டார்.

வீட்டுக்கு நிபுணரே ஓட்டி வந்தார். கிளட்சை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்பது மரத்தைச் சுற்றிய நாளிலிருந்தே அவருக்குப் பிடிபடாத சங்கதி. ஆனால் வண்டி ஒருமுறைகூட உதறவில்லை. அணையவில்லை. முச்சந்தியில் அவர் தயங்கியபோது தானாக நின்றது. ஒரு பஸ் குறுக்கே புகுந்தபோது, அவர் 'ஐயோ' என்று நினைத்து முடிப்பதற்குள் நின்றிருந்தது.

"பாத்தியா?" என்றார், கழுத்தை நிமிர்த்தி.

மனைவி தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. விரிப்பு அசையிற மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் தொடங்கியது.

முதலில் சீட். மனைவி குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் உட்காருவார். மறுநாள் பார்த்தால் அது கடைசிவரை பின்னால் போயிருக்கும். நல்ல உயரமான ஆள் ஒருவர் காலை நீட்டி உட்காருகிற அளவுக்கு. "யாரு என் சீட்டத் தள்ளுறது?" என்று கேட்டார். மகள் தான் இல்லை என்றாள். "நான்தான். தினமும் எழுந்து ஓடிப்போய்த் தள்ளிட்டு வரேன்" என்றார் மாமனார், வீல் சேரில் உட்கார்ந்தபடி.

அடுத்து வாசனை. கதவைத் திறந்தால் புதினா மிட்டாய் வாடை. பூட்டிக் கிடந்த வண்டியில், யாரோ சப்பிக்கொண்டே மூச்சுவிட்ட மாதிரி... வெதுவெதுப்பாக.

பிறகு சத்தம்.

டொக். டொக்.

பக்கத்து சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டில். மோதிரம் போட்ட விரலால் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். எப்போதும் இரண்டு தட்டு. பிளாஸ்டிக் வெயிலில் விரிகிறது என்று நிபுணர் விளக்கினார். மழை நாளிலும் அதே விளக்கம். இடுக்குகளில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். பஞ்சுக்கு மேலும் கேட்டது.

மனைவிதான் கண்டுபிடித்தார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால், டொக் டொக். முன்வண்டியை ஒட்டிக்கொண்டு போனால், டொக் டொக். அவர் ஒழுங்காக ஓட்டினால் சத்தமே இல்லை. அவர் எப்போது ஒழுங்காக ஓட்டினார்?

ஒரு சனிக்கிழமை. பிற்பகல் முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாமனாரைப் பின்சீட்டில் ஏற்றி, வீல் சேரை மடக்கி உள்ளே வைத்தாகிவிட்டது. மனைவி முன்சீட்டில். மகள் தன் குடையை எடுக்க வீட்டுக்குள் ஓடியிருந்தாள். அவள் வருவதற்குள் வண்டியைத் தெருவுக்கு எடுத்துவிடலாம் என்று நிபுணர் ரிவர்ஸ் போட்டார்.

பின்கண்ணாடி முழுக்க மழைத்துளி. ஒன்றும் தெரியவில்லை.

மாமனார் கத்தினார். "பாப்பா! பின்னாடி பாப்பா!"

நிபுணர் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

மிதித்தது பிரேக் இல்லை.

வண்டி அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது...

நின்றது.

இன்ஜின் மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நிபுணர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பிரேக்கும் தரையோடு அழுந்திக் கிடந்தது. கிளட்சும்.

அவற்றின் மேல் யார் காலும் இல்லை.

மனைவி விரலால் காட்டினார். அவருடைய பாதங்கள் இரண்டும் ஓரமாக ஒடுங்கியிருந்தன. நடுவில், ரப்பர் விரிப்பில்... இரண்டு பள்ளங்கள்.

ஷூ அளவு. பெரிய ஷூ.

மெதுவாக ஒரு பள்ளம் மேலே எழும்பியது.

பிறகு இன்னொன்று.

டொக். டொக்.

வெளியே மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் விரித்துப் பிடித்திருந்த குடையின் ஒரு கம்பி, பின்கதவில் பட்டு வளைந்திருந்தது. கம்பி மட்டும்.

அன்றைக்கு எங்கும் போகவில்லை. மாமனாரின் குரலில் கிண்டல் இல்லை. "மாப்பிள்ளை, சாவிய அவகிட்ட குடுத்துடுங்க."

"நான் சட்டுனு சுதாரிச்சதாலதான் மாமா வண்டி..."

"குடுத்துடுங்க."

கொடுக்கவில்லை.

அடுத்த வாரம், சிக்னலில் நிற்கும்போது, ஓர் இளம்பெண் ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. இது எங்கப்பா வண்டி. கதவுல இருக்கே கோடு, நான் சைக்கிள்ல இடிச்சது."

சிக்னல் தாண்டி ஓரம் கட்டினார்கள். அவள் வண்டியைத் தடவிக் கொடுத்தாள். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாராம். கூரைமேல் பெயர்ப்பலகை. முன்கண்ணாடியில் அவருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி. "பக்கத்து சீட்லயும் பிரேக், கிளட்ச் இருக்கும்ல சார், சொல்லித் தர்றவருக்கு? விக்கும்போது அதைக் கழட்டிட்டோம். ரெண்டு ஓட்டை இருக்குமே, பாக்கலையா?"

மனைவி நிபுணரைத் திரும்பிப் பார்த்தார். நிபுணர் சாலையைப் பார்த்தார்.

"அப்பா... எப்போ தவறினாரு?" என்று கேட்டார் நிபுணர்.

"ஐயோ, இருக்காரு சார்!" அவள் சிரித்துவிட்டாள். "பக்கவாதம். படுத்த படுக்கைதான், பேச்சு இல்ல. பக்கத்துலதான் வீடு, வாங்களேன். வண்டி வந்திருக்குன்னா சந்தோஷப்படுவாரு."

இருக்கிறார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய செய்தி.

ஜன்னலோரம் ஓர் இரும்புக் கட்டில். நீளமான மனிதர். தலைமாட்டில் புதினா மிட்டாய் ஜாடி. கால்மாட்டில் மரப்பலகை. அதில் குறுக்கே ஒரு விரிசல். கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"ரெண்டு காலும் அசைஞ்சு ஒரு வருஷம் ஆகுதுக்கா" என்றாள் அந்தப் பெண், மனைவியிடம். "ஆனா வண்டி கைமாறிச்சே, அப்பலேருந்து திடீர் திடீர்னு பலகைய மிதிக்கிறாரு. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல ஜாஸ்தி. அன்னிக்குச் சனிக்கிழமை, மழை விட்டுச்சு பாருங்க, அப்ப ஒரு மிதி... பலகையே விரிஞ்சிடுச்சு. அதுலேருந்து நெஞ்சு படபடப்பு. இன்னொரு தடவை இப்படி ஆனா இதயம் தாங்காதுன்னுட்டாரு டாக்டர்."

அவள் பலகையில் கட்டியிருந்த கயிற்றை இறுக்கினாள்.

"ரொம்பப் பொறுமைசாலிக்கா. பின்சீட்ல நாலு பேர் காத்திருப்பாங்க. எவ்வளவு தப்பா ஓட்டினாலும் திட்ட மாட்டாரு. டாஷ்போர்டத் தட்டுவாரு, அவ்வளவுதான். ஓட்டி முடிச்சதும், 'போதும், அடுத்த ஆள்'ம்பாரு."

படுத்திருந்தவரின் கண்கள் நிபுணர்மேல் இருந்தன. கோபம் இல்லை. களைப்பு. தேறாத மாணவனைப் பார்க்கிற களைப்பு. அவருடைய விரல் மெல்ல எழுந்தது. மோதிரம் கட்டில் கம்பியில் பட்டது.

டொக். டொக்.

வெளியே வந்ததும் மனைவி கையை நீட்டினார். நிபுணர் சாவியைக் கொடுத்தார்.

மனைவி ஓட்டினார். சத்தம் இல்லை. சீட் போட்ட இடத்தில் இருந்தது. புதினா வாடை மெல்லக் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று. நிபுணர் மட்டும் வாடினார். அலுவலக வாசலில் மனைவி அவரை இறக்கிவிடுவதைக் கிடங்கு ஆட்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். "சார், சீட் பெல்ட்டக் கழட்டிட்டு இறங்குங்க" என்று ஒருவன் கத்தினான்.

அப்போதுதான் பாதுகாப்பு வாரம் வந்தது.

தொடக்க உரை நிபுணருடையது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள். வாசலுக்கு அருகே அவர் பதவி எழுதிய பலகையோடு கார் நிறுத்த இடம். மனைவி அன்று சீக்கிரமே, தான் வேலை பார்க்கிற, வண்டி நிறுத்த இடமில்லாத பல் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போய்விட்டார். சாவி ஆணியில் தொங்கியது. நிபுணர் யோசித்தார். நேர் ரோடு. கொஞ்ச தூரம். ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டினால், அந்த மனிதர் எதற்காக மிதிக்கப் போகிறார்? நியாயத்தில் ஓட்டையே இல்லை.

"மாப்பிள்ளை!" மாமனார் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். "மாப்பிள்ளை, வேண்டாம்..."

நிபுணர் திரும்பவில்லை. கோட்டு போட்டிருந்தார். கோட்டு போட்டவர்கள் திரும்புவதில்லை.

வண்டிக்குள் புதினா வாடை.

பக்கத்து சீட் பின்னால் போயிருந்தது.

மெதுவாகத்தான் ஓட்டினார். மனதுக்குள் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "ஆபத்து என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை..." பள்ளிக்கூடத் திருப்பம். இரண்டு பிள்ளைகள், கைகோத்தபடி, சாலையின் நடுவில்.

கால் தேடியது.

மறுபடியும் தப்பான இடத்தைத் தேடிப் பிடித்தது.

பிரேக் பெடல் இறங்கியது. தானாக. ஆனால் முன்போல் இல்லை. நடுங்கிக்கொண்டே... பாதி இறங்கி... மேலே வந்து... மறுபடியும் இறங்கி... யாரோ கடைசி மூச்சைப் பிடித்து அழுத்துகிற மாதிரி...

நின்றது.

பிள்ளைகள் கடந்து போனார்கள். ஒருத்தி கையசைத்தாள்.

டொக்.

நிபுணர் காத்திருந்தார்.

இரண்டாவது தட்டுக்காக.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் காத்திருந்தார்.

வரவில்லை.

மத்தியானம் மனைவிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. காலையில் அப்பா போய்விட்டாராம். பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. போவதற்கு முன்னால், ஒரு வருஷமாகப் பேசாதவர், கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாராம். "போதும். அடுத்த ஆள்."

சாயங்காலம் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலையில வண்டி எடுத்தீங்களா?"

நிபுணர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வித்துடுங்க" என்றார். அந்தக் குரலை நிபுணர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். காந்தம் கொண்டுவந்திருந்தார். கூரைப் பட்டையைப் பார்த்தார், தலையாட்டினார். விரிப்பைத் தூக்கினார். நிபுணர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். வாயையும் திறந்தார்.

"தண்ணி வடியிறதுக்கு" என்றார் முதல்வர். "இதெல்லாம் பலபேருக்குத் தெரியாது."

மனைவி உள்ளே இருந்தார். மாமனார் ஜன்னலோரம் இருந்தார்.

"நீங்க சொன்னா... சரியாத்தான் இருக்கும் சார்" என்றார் நிபுணர்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. இண்டிகேட்டர் போடாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கிடங்கில் புதிய ஆட்களுக்கு வகுப்பு. நிபுணர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று நாக்கில் ஒரு ருசி. அவர் மிட்டாய் எதுவும் போட்டிருக்கவில்லை.

புதினா.

இரண்டு கால்களும் எழும்பி மேசையின் முன்பலகையை உதைத்தன. அவர் உதைக்கவில்லை. கால்கள் உதைத்தன. தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. நெஞ்சு அடைத்தது. வலது கை தானாக எழுந்து, மேசையை இரண்டு முறை தட்டியது.

ஆபத்தைச் செய்துகாட்டுகிறார் என்று நினைத்துப் புதியவர்கள் கைதட்டினார்கள்.

அன்று மத்தியானமே முதல்வருக்குப் போன் செய்தார். "சார், வண்டிய... கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க."

"யாருக்குப் பாடம் எடுக்கறீங்க? நாப்பது வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கேன். காலையில ஒரு நாய் குறுக்க வந்துச்சு, எப்படி நிறுத்தினேன் தெரியுமா? வண்டி அப்படியே நின்னுச்சு!"

"இல்ல சார், அது..."

"பேரனுக்கு லீவு விட்டாச்சு. அவனும் அவன் ஃபிரெண்ட்ஸ் நாலு பேரும் இதுலதான் ஓட்டிப் பழகப் போறாங்க. திங்கக்கிழமைலேருந்து. நானே சொல்லித் தரேன்."

நிபுணர் டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், இதயம் கல்லுமாதிரி இருக்கிறது என்றார்.

"இன்னும் எத்தனை தடவை தாங்கும் டாக்டர்?"

"எது?"

நிபுணரிடம் முதல் முறையாக விளக்கம் எதுவும் இல்லை.